வடக்கே போனால் வாடகை குறையும்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் தன் கையிருப்பைச் சொன்னதுமே தரகரின் பேச்சு வடக்கே திரும்பிவிடும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, காசிமேடு என்று அடுக்குவார். ஓர் அறை, சுவரோரம் ஒரு சமையல் மேடை, நாலைந்து குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. இந்த அளவில் ஒரு போர்ஷன் ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு இன்னும் அந்தப் பக்கம்தான் கிடைக்கிறது. அட்வான்ஸும் குறைவு. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்துகொள்ளும் லீஸ் ஏற்பாடும் அங்கே சகஜம். தெற்கே அதே பணத்துக்கு ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தால் அதிகம்.

வாடகை ஏன் குறைவு என்று யாரும் தரகரிடம் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்ற நினைப்பு. 'ஏரியா சரியில்லை' என்ற இரண்டே சொற்களில் பதில் முடிந்துவிடும். அந்த ஏரியாவைச் சரியில்லாமல் ஆக்கியது எது, அங்கே வாழ்கிறவர் வாடகையில் மிச்சம் பிடிப்பதை வேறு எந்த வழிகளிலெல்லாம் கட்டுகிறார், அப்படியும் ஏன் அந்த இடத்தை விட மறுக்கிறார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நகரத்தின் வீட்டுக் கொள்கை எங்கே சறுக்குகிறது என்பது பிடிபடும். இது சிறிய கூட்டத்தின் பிரச்சினையும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாநகரின் சுமார் 46 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கும் அதிகமானோர் குடிசைப் பகுதிகள் என்று பதிவான இடங்களில் வாழ்ந்தார்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர்.

மணலும் மில்லும்

தமிழகத்தின் கடற்கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகின்றன. 1876இல் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியபோது அந்த மணலின் பயணம் நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடற்கரை அகன்றது. இன்று நாம் பெருமைப்படும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். சுவருக்கு வடக்கே மணல் வந்து சேராததால் கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருக்களும் மீனவர் வீடுகளும் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் போயின. பாறாங்கற்களைக் கொட்டித்தான் அந்தக் கரையை இன்றும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே சுவர் தெற்குக்கு உலாவுமிடத்தையும் வடக்குக்கு அரிப்பையும் கொடுத்தது. வடசென்னையின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் இது நகரத்தின் முன்வாசலாக இருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற பின்னி ஆலைகள் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தன. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுவது. அது இந்த ஆலைத் தொழிலாளர்களின் சங்கம். மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததை அந்தத் தீ வெளிச்சம் போட்டுக் காட்டியது. இன்றும் சென்னையின் குடிசைப் பகுதி வரைபடத்தையும் சாதி வரைபடத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் பெரும்பாலும் பொருந்தும். இதைச் சொல்லாமல் 'நகர்ப்புற ஏழ்மை' என்று பொதுவாகப் பேசுவது பாதி உண்மைதான்.

1996இல் பின்னி ஆலை மூடப்பட்டது. அதன் நிலத்தில் இப்போது உயரமான அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. ஆலையில் வேலை செய்தவர்களின் பேரப் பிள்ளைகள் அந்த மாடிகளில் காவலாளிகளாகவும் வீட்டு வேலைக்காரர்களாகவும் நுழைகிறார்கள்.

வேலை போவதற்கு முன்பே மற்றவை வரத் தொடங்கியிருந்தன. 1960களின் கடைசியில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம், அடுத்தடுத்து உரத் தொழிற்சாலைகள், நிலக்கரிக் கிடங்குகள், சாம்பல் குட்டைகள். கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் மேல் பரந்த குப்பைக் கிடங்கு. நகரத்தில் சேரும் குப்பையில் ஏறத்தாழப் பாதி பல பத்தாண்டுகளாக அங்கேதான் வந்து விழுகிறது. மழைக்காலத்தில் நாற்றம், கோடையில் புகை. கடல்நீரைக் குடிநீராக்கும் சென்னையின் முதல் பெரிய ஆலையும் 2010இல் வடக்கே, மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. நகரத்துக்கு வெளிச்சமும் எரிபொருளும் தண்ணீரும் புறப்படும் திசை எதுவோ அதே திசைக்கு நகரத்தின் கழிவும் போகிறது.

இப்படி எல்லாவற்றையும் ஒரு பக்கமே குவித்தால் விபத்தும் அந்தப் பக்கமே நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவி எண்ணூர் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு. தரகர் 'ஏரியா சரியில்லை' என்று முடித்துக்கொள்வது இந்தத் தொகுப்பைத்தான். அது அங்கே குடியிருப்பவர்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு என்பதுபோல் எப்படியோ மாறிவிட்டது.

மிச்சமான பணம் போகும் வழி

1963இல் டேவிட் கேப்லோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்கள் பொருள் வாங்கும் விதத்தை ஆராய்ந்து, ஒரே பொருளுக்கு ஏழைகளே கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று காட்டினார். நம்மூரில் இதை நிறுவக் கள ஆய்வுகூடத் தேவையில்லை. ஒண்டுக்குடித்தனத்தின் மின் கணக்கைப் பார்த்தாலே போதும்.

தமிழகத்தில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் இணைப்பு வீட்டுக்காரர் பேரில் இருக்கும். குடித்தனக்காரர் கதவுக்கு மேலே ஒரு சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்குவது சென்னை முழுக்க எழுதப்படாத சட்டம். மின்விசிறி, டிவி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஓடினால் 8 ரூபாய்க் கணக்கில் 1,200 ரூபாய். தன் பேரில் இணைப்பு இருந்திருந்தால் அதில் கால்வாசிகூட வராது. வீடு உள்ளவருக்கு இலவசம், இல்லாதவருக்குக் கூடுதல் விலை. இந்த அரசாணை எழுதப்பட்டபோது யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள். அதனாலேயே யாரும் திருத்தவும் இல்லை.

அடுத்தது தண்டல். காய்கறி வண்டிக்காரர், இட்லிக் கடை அக்கா, மீன் விற்கும் அம்மா என்று அன்றாடம் கை முதல் தேவைப்படுகிறவர்கள் வங்கிக்குப் போவதில்லை. தண்டல்காரர் 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி 9,000 கையில் தருவார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால் 100 நாளும் சராசரியாகக் கையில் நிற்கும் கடன் 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் ஆயிரம் ரூபாய் என்றால் ஆண்டு வட்டி 80 விழுக்காட்டை எட்டுகிறது. வீட்டுக் கடன் வாங்கும் மாதச் சம்பளக்காரர் 9 விழுக்காட்டுக்கே அலுத்துக்கொள்கிறார். வங்கி ஏன் வரவில்லை என்றால், கடன் கொடுக்கும் நிறுவனங்களின் களப் பணியாளர்கள் வாய்மொழியாகச் சொல்லும் 'நெகட்டிவ் ஏரியா' பட்டியலில் இந்தத் தெருக்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. தண்டல்காரருக்கு அந்தப் பட்டியல் இல்லை. அவருக்குத் தெருவில் எல்லோரையும் தெரியும், மாலை ஆறு மணிக்கு யார் எங்கே இருப்பார் என்பது வரை. அவரைத் திட்டுவது சுலபம். அவர் இல்லாவிட்டால் மறுநாள் விடியற்காலை காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுக்க முடியாது என்பதும் உண்மை.

தண்ணீருக்கு ஆகும் செலவு பணமாகத் தெரியாது, நேரமாகத்தான் தெரியும். குழாயில் தண்ணீர் வரும் வேளை, லாரி வரும் வேளை, அடிபம்பில் நல்ல நிறத்தில் நீர் வரும் வேளை என்று ஒரு பெண்ணின் நாள் தண்ணீரைச் சுற்றித்தான் அமைகிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் எந்த வேலைக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதையும் லாரி தீர்மானிக்கிறது. குடிக்க மட்டும் கேன் வாங்கும் பழக்கம் இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. அது தனிச் செலவு.

மழைக்காலத்தில் வியாசர்பாடியின் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் அந்தப் பக்கத்தின் போக்குவரத்தே நின்றுபோகும். ஓட்டேரி நாலா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் ஆகிய மூன்றின் கரைகளிலும் வீடுகள். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும், ரேஷன் அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு ஆணியில் மாட்டுவதும் ஐப்பசி மாத வேலைகள். தெற்கேயும் வெள்ளம் வருகிறது. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் அது செய்தி. இங்கே அது பருவம்.

பிறகு, பெயர். ஹவுசிங் போர்டு என்று முகவரியில் எழுதினால் வேலை நேர்காணலில் முகம் மாறுவதாக இளைஞர்கள் சொல்வது புதிதல்ல. தோழியின் முகவரியை, சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்து வேலையில் சேர்ந்தவர்கள் நிறைய. இரவில் ஆட்டோ 'அங்கே சவாரி வராது' என்கிறது. தெருவில் ஏதாவது குற்றம் நடந்தால் முதலில் அழைத்துச் செல்லப்படுவது யார் என்பதும் முகவரியைப் பொறுத்தது. தமிழ் சினிமா இந்தப் பெயரை வளர்த்ததில் பங்கு கொண்டது. பல காலம் வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும்தான் திரையில். பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) போன்ற படங்கள் வந்த பிறகுதான் அந்தத் தெருக்களில் படித்தவர்களும் பந்து ஆடுகிறவர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் இருக்கிறார்கள் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியவந்தது. அந்தப் படங்களிலும் கத்திக்குக் குறைவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியும் ஏன் போவதில்லை

இவ்வளவும் தெரிந்தே மக்கள் அங்கே இருக்கிறார்கள். வேறு வழியில்லை என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் இடம்.

அதிகாலை மூன்று மணிக்குக் காசிமேடு துறைமுகத்தில் ஏலம் தொடங்குகிறது. மீன் எடுக்கும் பெண் நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போய்ச் சேர வேண்டும். பாரிமுனை, சௌகார்பேட்டை, கொத்தவால்சாவடிப் பக்கம் மூட்டை தூக்குகிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், கறிவேப்பிலையும் பூவும் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவர் என்று எல்லாருக்கும் கடை திறக்கும் முன்பே சந்தை தேவை. முதல் பேருந்துக்குக் காத்திருந்தால் அன்றைய வியாபாரம் போய்விடும். பிள்ளைப்பேற்றுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் பதினைந்து நிமிடத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் வாசலில் நிற்க முடிவது, நகரத்தின் எத்தனையோ பணக்காரப் புறநகர்களுக்கு இல்லாத வசதி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அண்மைக் காலத் திட்டங்களில் ஏழைப் பெண்களின் மாதக் கணக்கை உடனே மாற்றிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்தப் பேருந்துப் பயணத்தையே சொல்வேன்.

அடுத்தது மனிதர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஆயா இருக்கிறார். சீட்டு பிடிக்கும் அக்கா மூன்று தெரு தள்ளி. தவணை தவறினால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும் மளிகைக் கடைக்காரர் முனையில். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்கள் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடை போட்டுப் பிழைத்தது இப்படிப்பட்ட வலையால்தான். ஒரு பொருளாதார ஆய்வாளர் இதைக் காப்பீடு என்று எழுதுவார். எழுதலாம். தவணை கட்டாத காப்பீடு, ஒரே இடத்தில் இருந்தால்தான் செல்லும்.

வீட்டுக்குள் இருக்கும் இடப் பஞ்சமே ஒரு பண்பாட்டை உண்டாக்கியிருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருந்தால் பிள்ளைகள் வெளியேதான் வளர்வார்கள். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் 1990களின் இறுதியில் உள்ளூர்க்காரர்கள் தொடங்கிய கால்பந்துப் பயிற்சியிலிருந்து மாநில, தேசிய அளவில் ஆடிய பலர் வந்தார்கள். கேரம் பலகைக்கு இடமே தேவையில்லை, தெருமுனையில் ஒரு விளக்கு போதும். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னைச் செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். மாலையானால் மொட்டை மாடிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் அம்பேத்கர் பெயரிலான இரவுப் பாடசாலைகளில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வீட்டில் படிக்க வெளிச்சம் உண்டு, மூலை இல்லை. கொளத்தூரில் 2024இல் மாணவர்களுக்கான படிப்புக் கூடத்தோடு 'முதல்வர் படைப்பகம்' திறந்தபோது கிடைத்த வரவேற்பு, இந்தப் பஞ்சம் எவ்வளவு பெரிது என்பதைக் காட்டியது.

25 கிலோமீட்டர்

தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் சில ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டப்பட்டன. மெரினாவை ஒட்டியும் நகரத்தின் நடுவிலும் இன்றும் நிற்கும் பழைய அடுக்குகள் அந்தக் காலத்தவை. கட்டுமானத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் வேலையையும் பள்ளியையும் உறவையும் யாரும் இழக்கவில்லை. 1977 முதல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டங்கள், இத்தனை மானியம் கொடுத்துக் கட்டுவது கட்டுப்படியாகாது என்று சொல்லி, கொடுங்கையூர், வில்லிவாக்கம், அரும்பாக்கம் போன்ற இடங்களில் மனையும் தண்ணீர்க் குழாயும் மட்டும் கொடுத்து வீட்டை மக்களே கட்டிக்கொள்ளச் செய்தன. வாரியத்துக்கும் வங்கிக்கும் நடந்த இந்த இழுபறியை நித்யா ராமன் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார்.  வங்கியின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்த மனைகள் இன்று நல்ல நடுத்தரக் குடியிருப்புகளாக வளர்ந்திருக்கின்றன. ஆனால் அப்போதும் நகரத்துக்குள் நிலம் இருந்தது.

2000க்குப் பிறகு கதை மாறியது. நகரத்துக்குள் நிலம் தங்கமானதும் வீடுகள் வெளியே போயின. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அடுத்துப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். அவற்றில் தொடக்ககால வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடாதவை. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகளில் 20,000க்கும் அதிகம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டன. ஆற்றங்கரையில் ஆபத்து என்று சொல்லித்தான் அப்புறப்படுத்தினார்கள். கொண்டுபோய் விட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். செம்மஞ்சேரிக்குள் ஒவ்வொரு பெருமழையிலும் தண்ணீர் புகுந்தது.

சுவர் உறுதியானது, கூரை ஒழுகாது, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆற்றங்கரைக் குடிசையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம் என்பதை மறுப்பது நேர்மையாகாது. கழிப்பறைக்காக விடியும் முன்பே எழுந்து வரிசையில் நிற்க வேண்டாம் என்ற நிம்மதியை அங்கே போன பெண்களே சொல்கிறார்கள். ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவர், மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர், பாரிமுனையில் மூட்டை தூக்கியவர் 20, 25 கிலோமீட்டர் தள்ளி என்ன செய்வார்? பலர் பழைய இடத்துக்கே தினமும் பேருந்தில் போய்வந்தார்கள். சிலர் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்குள் இன்னொரு சந்தில் குடியேறினார்கள். அரசு அதை முறைகேடு என்கிறது. எனக்கு அது கணக்குத் தெரிந்தவர்களின் முடிவாகவே படுகிறது. கண்ணகி நகர்ப் பெண்களின் வீட்டு வேலை பற்றி கேரன் கோயல்ஹோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இடம் மாறிய பிறகு இந்தப் பெண்களின் பிழைப்பும் வீட்டுப் பாடும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்டியது. பள்ளி ஆண்டின் நடுவில் அப்புறப்படுத்தப்பட்டுப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற ஆணைப்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அந்த மக்களுக்கு மாற்றாகக் காட்டப்பட்டது பெரும்பாக்கம். மரணத்துக்குப் பிறகு, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே தர முடியும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

கண்ணகி நகரின் சுவர்களில் 2020இல் ஓவியர்கள் வந்து பிரமாண்டமான சித்திரங்களைத் தீட்டினார்கள். அழகாக இருக்கின்றன. ஊரைப் பார்க்க வெளியாட்கள் வந்தார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அவர் தன் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்தே சொல்லிக்கொண்டார். கால் நூற்றாண்டாக மறைத்து வந்த முகவரியைப் பிள்ளைகள் மார்தட்டிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இதற்கான பெருமை அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களின் பயிற்சியாளர்களுக்கும்தான் சேரும்.

இடித்துக் கட்டும்போது

வடக்கே பழைய வாரிய அடுக்குகள் இப்போது ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகின்றன. தேவைதான். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்கு ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் சற்று முன்னால் வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் பூச்சு விரலால் தொட்டதும் உதிர்ந்ததை மாநிலமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பிறகுதான் அரசு தர ஆய்வுக்கு உத்தரவிட்டது. வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியதும் அந்த 2021இல்தான். 2023 வரவுசெலவு அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டு, அந்தத் தொகை பின்னர் பல மடங்கு உயர்த்தப்பட்டது. கொடுங்கையூர்க் குப்பை மலையைப் பிரித்தெடுக்கும் பணி நடக்கிறது. ஆனால் அதே இடத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேண்டாம் என்று 2025இல் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். புகையோடு வாழ்ந்து பழகியவர்களுக்குப் புகைபோக்கி என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இருந்த இடத்திலேயே கட்டுவது சரியான திசை. 1970களின் அறிவுக்கு வாரியம் திரும்பியிருக்கிறது. ஆனால் இடிப்பதற்கும் கட்டி முடிப்பதற்கும் இடையிலான காலத்தை யாரும் சரியாகக் கணக்கிடவில்லை. வெளியேறும் குடும்பத்துக்கு வாரியம் கொடுக்கும் உதவித்தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000 ரூபாயாக இருந்ததை உயர்த்தினார்கள். கட்டுமானம் ஒன்றரை ஆண்டில் முடிந்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அதே தெருவில் ஒற்றை அறைக்கு 6,000 ரூபாய் என்றால் நான்கு மாதத்தில் தொகை தீர்ந்துவிடும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு தேடி இறங்கும்போது அந்த 6,000மும் நிற்காது. ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் இல்லாமல் வாரிய வீட்டில் வாடகைக்கு இருந்தவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்தான் இருப்பதிலேயே ஏழை.

வாரியம் மூன்று காரியங்களை உடனே செய்யலாம், சட்டத் திருத்தம்கூட வேண்டாம். உதவித்தொகையை ஒரே தவணையாக இல்லாமல், கட்டுமானம் முடியும் மாதம் வரை அந்த வட்டாரத்து வாடகை அளவில் மாதாமாதம் கொடுக்கட்டும். பட்டியலில் உள்வாடகைக்காரரையும் சேர்க்கட்டும். புதிய வீடு ஒதுக்கும் ஒவ்வோர் ஆணையிலும் சதுர அடிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி அச்சாகட்டும்: பழைய வீட்டிலிருந்து புதிய வீடு எத்தனை கிலோமீட்டர், முதல் பேருந்து எத்தனை மணிக்கு, அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம். கையெழுத்துப் போடும் அதிகாரியும் அந்த வரியைப் படித்துவிட்டுப் போடட்டும்.